மூலை கறுத்த அட்டை

1

ஊரிலிருந்து திரும்பிய சாகுல் பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. நேரே என் கடைக்கு வந்து, கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, “காக்கா, நீங்க இங்க பட்டாளத்துல சேர்ந்துட்டீங்களாமே, உள்ளதா?” என்று கேட்டான்.

சாகுல் எங்கள் தெருக்காரன், அண்ணன் என்கிற முறையில் என்னைக் காக்கா என்பான். இங்கே மலாய் நாட்டில், கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கைலிக்கடை வைத்திருக்கிறான். இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு, தொதல், ஓட்டுமா என்று ஊர்த் தின்பண்டமும் கொஞ்சம் வதந்தியும் சுமந்துகொண்டு வந்து சேர்ந்திருக்கிறான். தொதலைக் கையில் கொடுத்தான். வதந்தியைக் கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கொடுத்தான்.

விஷயம் இதுதான். என் மகள் ஆமினாவுக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர், “பொண்ணோட வாப்பா துப்பாக்கியும் கையுமா அலையிறாராமே, அதனாலதான் ஊரோட வந்து இருக்க மாட்டேங்கிறாராமே” என்று பள்ளிவாசலில் வைத்து விசாரித்தாராம். என் மச்சினன் சிரித்துச் சமாளித்தானாம். சம்பந்தம் கெடவில்லை. ஆனால் தெரு முழுக்க இப்போது என் கையில் ஒரு துப்பாக்கியைக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பிவிட்டார்கள்.

எனவே ஊராருக்காக இதை எழுதுகிறேன். துப்பாக்கி உண்மை. பட்டாளம் பொய். ஊரோடு வந்து இருக்காததற்குக் காரணம் வேறு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு சங்கதியை நாமே சொல்லாவிட்டால், மற்றவர்கள் நம்மைவிட அழகாகச் சொல்லிவிடுவார்கள்.

2

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடல் கடந்து பிழைக்கப் போகிற ஆண்பிள்ளைக்கு எங்கள் பக்கம் சபராளி என்று பெயர். மனைவி மக்கள் ஊரில் இருப்பார்கள். சபராளி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டியும் அத்தருமாக வந்து இறங்குவார். வீடு வீடாக விருந்து சாப்பிடுவார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். என் வாப்பா அப்படி இருந்தார். நானும் மீசை முளைத்த கையோடு கப்பலேறினேன்.

வீடு என்பது எங்கள் பக்கம் பெண்ணுக்கு உரியது. கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். நான் பிறந்த வீடு ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்குப் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி மரியத்தின் வீட்டுக்கு நான் போனேன். இதில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. ஆண்கள் எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரில், பெண்பிள்ளைகள் தெருவில் நிற்கக்கூடாது என்று முன்னோர் செய்த நல்ல ஏற்பாடு அது.

இங்கே என் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டால், விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன்பே அடுப்பு பற்றும். கிள்ளான் பஸ் ஓட்டுகிறவர்கள், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் சீனர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், சனிக்கிழமை சம்பளம் வாங்கின தோட்டத்து ஆட்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்துகொண்டே இருப்பார்கள். பீரங்கிக் குன்றிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் கூட நேரம் தவறாமல் வந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும். நாள் முழுக்க மனிதர்கள்தான். ஆனால் நான் சாப்பிட்டேனா என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கடைக்கு மேலே ஓர் அறை. சட்டை மாட்ட ஆணி, ஓர் இரும்புப் பெட்டி, ஒரு மடக்குக் கட்டில். நல்ல கட்டிலாக ஒன்று வாங்கவில்லை. இரண்டு வருடத்தில் ஊருக்குப் போகிறவனுக்குக் கட்டில் எதற்கு என்று நினைத்தேன். நினைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஊருக்குப் போனால் வேறு மாதிரிச் சங்கடம். ரிக்‌ஷாக்காரரிடம் மலாயில் “பெராப்பா?” என்று விலை கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன். வாக்கியத்துக்கு வாக்கியம் இங்கத்து ‘லா’ வந்து விழும், பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். போன தடவை ஆமினா எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கண்ணாடி அலமாரியில் விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் தங்கக் கோடு போட்ட கோப்பையில் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமல் தள்ளி வைத்துவிட்டேன்.

ஒவ்வொரு முறையும் மரியம் கேட்பாள், “எப்பங்க ஊரோட வருவீங்க?” நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன், “இன்னும் ஒரு வருஷம். கடை ஒரு நிலைக்கு வரட்டும்.” கடை நிலைக்கு வந்து வெகுநாள் ஆயிற்று. நான்தான் வரவில்லை.

3

இனித் துப்பாக்கி.

சவரிமுத்து, ஈஜோக் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணி. தோட்டத்து அலுவலகம் முழுவதும் அவர் பேனாவில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து என் கடையில் பசியாறுவார். ஒருநாள் சாம்பார்த் தட்டை நகர்த்திவிட்டு மேசையில் ஓர் அட்டையை விரித்தார். கறுப்பு வட்டம், அதற்குள் மெல்லிய வெள்ளை வளையங்கள், நடுவில் பொடிப்பொடியாகத் துளைகள்.

“என்ன கிராணியாரே, கரையான் அரிச்சிருச்சா?” என்றேன்.

“கரையானா? என் கை லா அது!” என்றார்.

அந்தத் தோட்டத்தின் பின்பக்கம் ஒரு செம்மண் மேடு இருக்கிறது. கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து ஊரடங்கு போட்டிருந்த காலத்தில், தோட்டக் காவலர்கள் சுட்டுப் பழக வெட்டியதாம். இப்போது அங்கே ஒரு சின்னக் குறிசுடும் சங்கம் நடக்கிறது. இருப்பதே பத்துப் பதினைந்து பேர். போட்டிக்குப் போக ஓர் அணிக்கு நான்கு பேர் வேண்டும். நான்காவது ஆளை வேலை மாற்றி ஜொகூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

“நாலு பேரு இருந்தாதான் டீம் பாய். நாங்க ஒழுங்கா மூணு பேருதான் இருக்கோம். நீங்க வாங்க லா.”

“நானா? கோழி அறுக்கிறப்பவே கண்ண மூடிக்கிற ஆளு நான்.”

“இங்க ஒரு கண்ண மூடுனா போதும்.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். டீ மாஸ்டர் அப்பாஸ், “போங்க மொதலாளி, கல்லாவ நான் பாத்துக்கறேன்” என்றார். போகிற எண்ணம் எனக்குக் கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடைக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அன்று ஒரு லோரி ஓட்டுநர் தன் சின்ன மகளுக்கு ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்காமல் அடம் பிடித்தாள். அதைக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. எழுந்து போய் கிராணியின் மோட்டாரில் ஏறிக்கொண்டேன்.

4

இந்த நாட்டில் துப்பாக்கி லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. அனுமதி இல்லாமல் ஒற்றைத் தோட்டா சட்டைப் பையில் கிடந்தாலும் கழுத்துக்குக் கயிறு வரும். சங்கத்துத் துப்பாக்கிகள் தோட்ட அலுவலகத்தில் இரும்பு அலமாரிக்குள் இருக்கும். சாவி ஒருவரிடம், தோட்டாப் பெட்டி இன்னொருவரிடம். திடலை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொருவரும் தன் பையைத் தானே தடவிப் பார்த்துக்கொள்வோம்.

உறுப்பினராகப் போலீஸ் விசாரணை உண்டு. என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் இருக்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை என்று அதற்கு அர்த்தம். விசாரிக்க உட்கார்ந்த அதிகாரி தினமும் என் கடையில் மீ கோரெங் சாப்பிடுகிறவர். அன்று என் பெயரை என்னிடமே மலாயில் கேட்டு எழுதிக்கொண்டார்.

“மனைவி எங்கே?”

“இந்தியாவில்.”

“பிள்ளைகள்?”

“ஒரு மகள். அவளும் இந்தியாவில்.”

“இங்கே யார் இருக்கிறார்கள்?”

“கடை இருக்கிறது,” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “தனியாக இருக்கிற ஆளுக்குத் துப்பாக்கி எதற்கு?”

நியாயமான கேள்விதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருப்பேன். என் சந்தை மலாயில் சரியான பதில் அகப்படவில்லை. “ஞாயிற்றுக்கிழமை படுத்துக்கொள்ள” என்று சொல்லிவிட்டேன். அதிகாரி என்னைப் பார்த்தார், கூட வந்திருந்த கிராணியைப் பார்த்தார். எங்கள் பிரிவில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் சுட வேண்டும், அதைத்தான் சொல்கிறார் என்று கிராணி அழகான மலாயில் விளக்கி என்னைக் காப்பாற்றினார்.

அனுமதி வரச் சில மாதம் ஆயிற்று. அதுவரை அந்த அதிகாரி வழக்கம்போல வந்து சாப்பிட்டார், அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும் அவர் தட்டில் ஒரு முட்டை கூடுதலாக வைத்தேன். போகும்போது அதற்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டுப் போனார்.

அனுமதி வந்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ‘இங்கே யார் இருக்கிறார்கள்?’ என்ற கேள்வி மட்டும் மாடியறைக்கு என்னோடு வந்துவிட்டது.

5

குறிசுடுவது என்றால் ஊரில் பெருநாள் சந்தையில் பலூன் சுடுவது போல இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதல் மூன்று ஞாயிறும் எனக்குத் தோட்டாவே தரவில்லை. படுக்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். இடது முழங்கை எங்கே, கால் எந்தப் பக்கம், தோளில் கட்டை எப்படிப் பொருந்துவது என்று. கையையும் துப்பாக்கியையும் ஒரு தோல்வார் சேர்த்துக் கட்டும். அந்த வெயிலில் தடித்த சட்டை வேறு. நடுவயதில், தொந்தியோடு, செம்பனை மரங்களுக்கு நடுவில் குப்புறக் கிடந்து வேர்க்கிற மனிதனைப் பார்க்கத் தோட்டத்து மாடுகள் கூட வந்து நின்றன.

கண்ணுக்கு அருகே ஒரு சின்னத் துளை. குழாயின் நுனியில் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் தூரத்துக் கறுப்பு வட்டம் நட்டநடுவே வந்து நிற்க வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். வெடி எப்போது வெடித்தது என்று சுடுகிறவனுக்கே தெரியக்கூடாது. சத்தமும் பெரிதில்லை, தாளிக்கும்போது வெடிக்கிற கடுகுக்குக் கொஞ்சம் மூத்தது.

பெரிய தொந்தரவு நெஞ்சுதான். தரையில் அழுந்திக் கிடக்கும்போது, ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த வளையம் ஒரு துள்ளுத் துள்ளும். அத்தனை வருடமாக இப்படி ஒன்று உள்ளே அடித்துக்கொண்டிருக்கிறது என்பதே எனக்கு அங்கேதான் கண்ணால் தெரிந்தது. காலையில் தேத்தண்ணி குடித்தால் இன்னும் துள்ளும். தேத்தண்ணிக் கடைக்காரன் நான், ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணியை விட்டேன்.

போன வருட நோன்பு மாதத்தில் ஓர் அதிசயம் நடந்தது. பசியில் உடம்பு அடங்கிய பிற்பகலில், வளையம் அசையாமல் நின்றது. அட்டையைக் கொண்டுவந்து பார்த்த கிராணி வாயைப் பிளந்தார்.

“இந்த மனுஷனுக்கு வருஷம் பூரா நோம்பு வெச்சா ஒலிம்பிக் போயிருவாரு லா!”

நான்காம் எண் போட்ட முளைக்குப் பின்னால் என் இடம். சிவப்புக் கொடி ஏறியதும் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். பக்கத்தில் ஆள் படுத்திருப்பார், ஆனால் அவரவர் அவரவர் அட்டையோடு இருப்பார். தனியாக இருப்பது அங்கே ஒரு குறை இல்லை. அதுதான் விளையாட்டு. வாரம் முழுக்கக் கூட்டத்துக்கு நடுவில் தனியாகக் கிடந்தவனுக்கு, அந்த ஓரிரு மணி நேரம் ஆறுதலாக இருந்தது. ஊரில் இதைப் புரியவைக்க நான் அதிகம் முயலவில்லை. தொலைபேசியில் ஒருமுறை மரியத்திடம் சொல்லிப் பார்த்தேன். “சுட்டா என்னங்க தருவாங்க?” என்று கேட்டாள். ஒன்றும் தரமாட்டார்கள் என்றேன். “அப்ப சரி, பத்திரமா இருங்க” என்றாள். அந்தப் பேச்சுத்தான் தெருவழியாக நடந்து போய்ப் பட்டாளம் ஆகியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நம் எதிரே மரச்சட்டத்தில் தொங்கும் அட்டைகளில் ஒன்றுக்கு மட்டும் மேல் மூலையில் கறுப்புப் பட்டை போட்டிருக்கும். அது பழகிப் பார்க்கிற அட்டை. காற்று எப்படி, வெளிச்சம் எப்படி, துப்பாக்கிக்கு இன்றைக்கு என்ன குணம் என்று பார்த்துக்கொள்ள, அதில் எத்தனை குண்டு வேண்டுமானாலும் போடலாம். ஒன்றும் கணக்கில் வராது. போதும் என்று நமக்குத் தோன்றியதும் பக்கத்து அட்டைக்கு மாற வேண்டும். அங்கே ஒன்று போட்டுவிட்டால் பிறகு மூலை கறுத்த அட்டைக்குத் திரும்ப முடியாது. எப்போது மாறுவது என்று யாரும் சொல்லமாட்டார்கள், அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நேரம் ஒன்றுதான்.

6

என் முதல் போட்டி எங்கள் திடலிலேயே நடந்தது. கிள்ளானிலிருந்தும் ரவாங் பக்கமிருந்தும் அணிகள் வந்திருந்தன. சிலர் சொந்தத் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தார்கள். கிராணி புதுச்சட்டை போட்டிருந்தார். எங்கள் அணி இதுவரை கடைசி இடத்தைத் தாண்டியதில்லை. இந்த முறை தாண்டும் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். என்னை நம்பித்தான் சொன்னார்.

கொடி ஏறியது, ஊதல் ஊதியது. நான் மூலை கறுத்த அட்டையில் முதல் குண்டைப் போட்டேன். தொலைநோக்கியில் பார்த்தேன், நடு வளையத்தில் இருந்தது. இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவது அதே துளையைக் கொஞ்சம் பெரிதாக்கியது. அப்படி ஒரு நாள் எனக்கு அதற்கு முன்பும் வாய்க்கவில்லை, பின்பும் வாய்க்கவில்லை.

பக்கத்தில் படுத்திருந்த கிள்ளான்காரர் அட்டை மாறிவிட்டார். நானும் மாறலாம் என்று நினைத்தபோது ஒரு மேகம் வந்தது. வெளிச்சம் மாறுகிறதே, இன்னும் ஒன்று போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. போட்டேன், நடுவில். மேகம் போயிற்று. வெயிலுக்கு இன்னொன்று. பிறகு செம்பனை மட்டை அசைந்தது, காற்றுக்கு ஒன்று. வேர்வை கண்ணில் இறங்கியது, துடைத்துவிட்டு ஒன்று. வாரைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு ஒன்று. எல்லாம் நடுவில். ஒவ்வொன்றும் நடுவில் விழ விழ, அடுத்த அட்டைக்குப் போக எனக்குப் பயம் கூடியது. இங்கே தப்பினால் பரவாயில்லை, அங்கே தப்பினால் எழுதி வைப்பார்கள்.

நேரம் முடியப் போகிறது என்று திடல் அதிகாரி உரக்கச் சொன்னபோது என் கணக்கு அட்டைகளில் ஒரு துளை கூட இல்லை.

அதன்பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் போலச் சுட்டேன். மூச்சும் இல்லை, நிதானமும் இல்லை. நெஞ்சு துள்ளிய துள்ளலில் குண்டுகள் வளையம் வளையமாகச் சிதறின. பாதிக்கு மேல் சுடுவதற்குள் ஊதல் ஊதிவிட்டது. சுடாததற்கெல்லாம் சுழி.

நாங்கள் கடைசி. வழக்கமான கடைசி இல்லை, வெகுதூரக் கடைசி.

கிராணி என் அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தார். மூலை கறுத்ததைத் தூக்கி வெயிலில் பிடித்தார். நடுவில் ஒரே ஓட்டை, ஐந்து காசு அகலத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. அவர் முகத்தில் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“ஓய் பாய்! இவ்ளோ அழகா சுட்டுட்டு, இத பக்கத்து அட்டையில சுட்டிருக்கக் கூடாதா?”

“இன்னும் தயாராகலைன்னு நெனச்சேன்.”

“இதுக்கு மேல என்ன தயாராகணும்? எத்தன வருஷமா இருக்கீங்க?”

“வர்ற மாசியோட இருபத்தி மூணு.”

“நான் கிளப்புல கேட்டேன் லா!” என்றார் கிராணி. தூக்கிப் பிடித்த கையை இறக்கினார். கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குமேல் திட்டவில்லை.

திரும்பும் வழியில் ஈஜோக்கில் மோட்டாரை நிறுத்தி எனக்குச் செண்டோல் வாங்கிக் கொடுத்தார். வெகுநேரம் கரண்டியால் பனிக்கட்டியைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, “என் மவன் நான் தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்றான் பாய். காது குடுத்தும் கேக்க மாட்டேங்கறான்,” என்றார். “ஆனா ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து எதுக்க உக்காந்துக்கறான். அது போதும்னு இருக்கேன்.”

நான் கரைந்த பனிக்கட்டியைக் குடித்து முடித்துவிட்டு மோட்டாரில் ஏறினேன்.

7

அதன்பிறகு கடையில் வேலை ஓடவில்லை. ரொட்டி போடுகிற கல்லைப் பார்த்தாலும், பஸ்ஸைப் பார்த்தாலும் ஒரே நினைப்பு. நல்ல பலம் இருந்த வயது, நல்ல தூக்கம் இருந்த வயது, மகள் மடியில் ஏறி விளையாடுகிற வயது எல்லாவற்றையும் கணக்கில் வராத இடத்திலேயே போட்டுத் தீர்த்துவிட்டேனோ என்று. இருப்பதையாவது ஒழுங்காக வாழ்ந்துவிட வேண்டும் என்று வெறி வந்தது. கடையை அப்பாஸிடம் விடுவது, வருகிற இலாபத்தில் எனக்கு ஒரு பங்கு என்று அவரிடம் பேசி முடித்தேன். அப்பாஸ் கண் கலங்கினார். எனக்குக் கலங்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, ஒரு காரியத்தைத் தள்ளிப்போடாமல் செய்த சந்தோஷத்தில் இருந்தேன்.

ஒரு பிற்பகல் தொலைபேசி நிலையத்துக்குப் போய் ஊருக்கு அழைப்புப் பதிந்தேன். எங்கள் தெருவில் தொலைபேசி இருப்பது என் மச்சினன் வீட்டில்தான். மரியம் அங்கே வந்து பேச வேண்டும். காத்திருந்த நேரம் முழுக்க என்ன சொல்வது என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஆமினாவைக் கூப்பிட்டு, “வாப்பா வர்றாங்கடி” என்று கத்துவாள் என்று நினைத்தேன்.

இனி எழுதப் போவதில் மரியத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

“என்னங்க, சொகமா இருக்கீங்களா? மாப்பிள்ள வீட்டுலேந்து நேத்து வந்துட்டுப் போனாங்க.”

“மரியம், ஒரு விஷயம். நான் வந்துர்றேன்.”

“வந்துதானே ஆகணும்? வாப்பா இல்லாம நிக்காஹ் எப்படி நடக்கும்?”

“அது இல்ல. மொத்தமா வந்துர்றேன். இனிமே சபர் கெடையாது. ஊரோட வந்து இருக்கப்போறேன்.”

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவள் குரல் வந்தது.

“வந்து?”

அதை அவள் கோபமாகக் கேட்கவில்லை, குத்தலாகவும் கேட்கவில்லை. பாதை தெரியாதவர் வழி கேட்பது போல, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

“வந்து… வீட்டுல இருப்பேன்.”

“வீட்டுலயா?” என்றாள். பிறகு, கல்யாண வேலைகளை வரிசையாக யோசிக்கிறவளின் நிதானத்தோடு பேசினாள். “மேல ரூம்ப மாப்பிள்ளைக்குன்னு வெள்ளையடிச்சாச்சுங்க. உங்க பெட்டி, துணியெல்லாம் கட்டிப் பரண்ல ஏத்திட்டோம். கீழ நானும் உம்மாவும் படுக்கறோம், பொம்பளைங்க பொழங்குற எடம். ரெண்டு மாசம்னா எப்படியாவது சமாளிச்சுக்கலாம். மொத்தமாங்கறீங்களே, நான் என்னத்தங்க செய்யட்டும்?”

“மாப்பிள்ளை சவுதியிலதானே வேலை பாக்குறாரு?”

“ஆமா. நிக்காஹ் முடிஞ்சு நாப்பது நாள்ல போயிருவாரு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா லீவு.”

கேட்டிருக்க வேண்டாம். ஆனாலும் கேட்டேன். “அப்ப அந்த ரூம்பு சும்மாதானே கெடக்கும்?”

“சும்மா கெடக்குமா? அது அவரு ரூம்புங்க. அவரு வர்றப்ப அவருக்கு வேணும்ல?”

அவள் சொன்னது சரிதான். அதே அறையை இத்தனை வருடம் எனக்காகவும் அப்படித்தான் பூட்டி, தூசி தட்டி வைத்திருந்தாள். நான் வருகிற இரண்டு மாதத்துக்காக. என் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தொலைபேசிக் கூண்டுக்கு வெளியே ஒரு சீனக் கிழவர் தன் முறைக்காகக் காத்து நின்று, என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஆமினா இருக்காளா பக்கத்துல?”

“இருக்கா. நீங்க மொத்தமா வர்றீங்களாம்னு சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

மரியம் கொஞ்சம் தயங்கினாள். “‘வாப்பாவுக்கு மேலுக்கு முடியலையா?’ன்னு கேக்கறா.”

நான் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவள் குரல் இறங்கிப் பரிவாக வந்தது. இத்தனை வருடமும் என் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பற்றிக் கடல் தாண்டிக் கவலைப்பட்ட குரல்.

“வருத்தப்படாதீங்க. நீங்க வரணும்னா வாங்க. தம்பி வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு, காத்து நல்லா வரும். சாப்பாட்ட நான் குடுத்து விடறேன். தம்பிகிட்ட சொல்லி வைக்கவா?”

“இப்ப வேண்டாம் மரியம்,” என்றேன். “நிக்காஹுக்கு வர்றேன். ரெண்டு மாசம்.”

“அப்ப சரிங்க,” என்றாள். அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “அதுக்கு நம்ம மேல் ரூம்பே போதும். மாப்பிள்ள வர்றதுக்கு முந்துன நாள் வரைக்கும் படுத்துக்கலாம்.”